கையெழுத்திடும் கைகளுக்கு யார் பாடம் நடத்துவது?

2025-ஆம் ஆண்டின் நடுவில் இந்திய பார் கவுன்சில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தன் அனுமதியின்றி இணையவழியிலோ தொலைநிலையிலோ கலப்பு முறையிலோ நடத்தப்படும் எல்.எல்.எம். படிப்புகளை ஏற்க இயலாது என்பது அதன் சாரம். அது முதற்கொண்டு, பணிபுரிவோருக்கான சட்டப் படிப்புகள் பற்றி என் காதில் விழும் பேச்செல்லாம் பட்டத்தின் பெயரைச் சுற்றியே நடக்கிறது. எல்.எல்.எம். என்று போடலாமா, எம்.ஏ. என்று மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாமா, பட்டயம் என்றால் பதவி உயர்வுக்கு உதவுமா? சேமிப்பைக் கரைத்துக் கட்டணம் கட்டியவருக்கு இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் அந்த வகுப்பறைக்குள் என்ன கற்பிக்கப்படுகிறது, அதைக் கற்றவர் மறுநாள் அலுவலகத்தில் எதை வேறு விதமாகச் செய்வார் என்ற கேள்வியை யாரும் எழுப்பக் காணோம். பெயர்ப் பலகைக்கு இவ்வளவு சண்டை. கடைக்குள் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

சுற்றுச்சூழல் கொள்கையும் சட்டமும் என்ற ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். இதில் மாலை நேரத்திலும் வார இறுதியிலும் படிக்க வருகிறவர்கள் யார்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் பொறியாளர், ஆலையின் சுற்றுச்சூழல் மேலாளர், தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும் ஆலோசகர், வனத்துறை அலுவலர், வழக்குரைஞர், தொண்டு நிறுவன ஊழியர். மற்ற மாணவர்கள் என்றோ ஒரு நாள் முடிவெடுக்கப் போகிறவர்கள். இவர்களோ ஏற்கெனவே முடிவெடுத்துக்கொண்டிருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை இவர்கள் இடும் கையெழுத்தில் ஓர் ஓடையின் கதியும் அதன் கரையில் கிணறு வெட்டியிருப்பவரின் கதியும் அடங்கியிருக்கின்றன. ஆகவே இவர்களுக்கான கல்வியின் தரத்தை மதிப்பெண் பட்டியலில் தேடுவது வீண். அதைத் தேட வேண்டிய இடம் இவர்கள் எழுதும் கோப்பு. மாணவரின் சொந்தப் பணியை ஆய்வுக்கு உட்படுத்தாத பணிபுரிவோர் படிப்பு கல்வி ஆகாது; அது மெருகேற்றும் தொழில். நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்தத் தொழிலைத்தான் நடத்திக்கொண்டிருக்கின்றன.

இந்தியச் சுற்றுச்சூழல் கல்வியின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. 2003-ல் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்திய பின்னர், பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம் இளநிலை மாணவர் அனைவருக்கும் கட்டாயமாயிற்று. விளைவு என்ன? வணிகவியல் படிக்கும் பதினெட்டு வயதுப் பெண் ஓசோன் படலத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதித் தேற வேண்டும். ஆற்றில் கழிவுநீர் விடுவதற்கு இசைவாணை எழுதும் அலுவலர் சுற்றுச்சூழல் சட்டத்தில் முறையான கல்வி பெற்றிருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்குமான விதி எதுவும் இல்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தையே பாருங்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் வல்லுநர் உறுப்பினராக இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று அறிவியல் அல்லது பொறியியல் உயர்பட்டமும் பதினைந்து ஆண்டு அனுபவமும். மற்றொன்று பதினைந்து ஆண்டு நிர்வாக அனுபவம். அதில் ஐந்தாண்டு சுற்றுச்சூழல் விவகாரங்களைக் கையாண்டிருந்தால் போதும். கையாண்டதும் கற்றதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

சரி, விரும்பிக் கற்க வருகிறவர்களுக்காவது என்ன தருகிறோம்? நான் பார்த்த பாடத்திட்டங்கள் பலவற்றுக்கு ஒரே முகம். முதல் அலகில் 1972-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் மாநாடு, 1992-ஆம் ஆண்டின் ரியோ மாநாடு. இரண்டாம் அலகில் அரசியலமைப்பின் 21, 48அ, 51அ(எ) கூறுகள். மூன்றாம் அலகில் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம், 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் பிரிவுகள். நான்காம் அலகில் கோட்பாடுகள். இறுதியில் ஒரு ‘திட்டக் கட்டுரை’. பெரும்பாலும் இணையத்திலிருந்து திரட்டியது. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் இவை அனைத்தும் சட்டத்தைப் படிக்கக் கற்றுத் தருபவை. சட்டத்தைச் செய்யக் கற்றுத் தருபவை அல்ல.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. ஆலையை நடத்துபவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கலனிலும் குறியிட்டு, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். ஒன்றை உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறை பின்பற்றப்படாவிட்டால் ஆய்வக முடிவு எந்தச் சட்ட நடவடிக்கையிலும் சாட்சியமாகாது. ஓடை கறுப்பாகத்தான் ஓடியிருக்கும். மீன்கள் செத்து மிதந்திருக்கும். பகுப்பாய்வு அறிக்கையும் துல்லியமாகவே இருக்கும். ஆனாலும் முத்திரை வைக்காத ஒரு புட்டியால் வழக்கு தோற்றுப்போகும். வேதியியல் தெரிந்த பொறியாளருக்கு இந்தப் பிரிவின் கனம் தெரிவதில்லை. பிரிவை மனப்பாடமாகச் சொல்லும் வழக்குரைஞருக்குப் புட்டியை எப்படிப் பிடிப்பது என்று தெரிவதில்லை. இருவரையும் ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி, ஒருவர் மாதிரி எடுக்க மற்றவர் குறுக்கு விசாரணை செய்யும் வகுப்பு எத்தனை பல்கலைக்கழகங்களில் நடக்கிறது? ‘நீர்ச் சட்டத்தின் முக்கியக் கூறுகளை விவரி’ என்ற வினாவுக்கு மட்டும் ஆண்டு தவறாமல் பத்து மதிப்பெண் உண்டு.

அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவில் மற்றொரு கூறு உண்டு. இசைவு கேட்டு வந்த விண்ணப்பத்தின் மீது நான்கு மாதங்களுக்குள் இசைவு தரவோ மறுக்கவோ செய்யாவிட்டால் நிபந்தனையின்றி இசைவு தரப்பட்டதாகவே கருதப்படும். அலுவலகத்தின் மௌனமே அனுமதியாகிவிடும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஏறத்தாழப் பாதிப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் நாட்டில் இந்தக் கூறு எப்படி வேலை செய்யும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். நிர்வாகவியலும் சட்டமும் கொள்கையும் ஒரே புள்ளியில் சந்திக்கும் கேள்வி இது. முதுநிலை வகுப்பில் ஒரு பருவம் முழுக்க விவாதிக்கத் தகுந்தது. நம் பாடநூல்களில் ஒரு வரியோடு கடந்துபோகிறது.

கோட்பாடுகளின் கதையும் இதுதான். 1996-ல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத சுற்றுச்சூழல் சட்ட விடைத்தாள் இந்தியாவில் இருக்காது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பின் என்ன நடந்தது என்று எந்த விடைத்தாள் கேட்கிறது? அதே பாலாற்றின், அதே தோல் ஆலைகளின் இழப்பீட்டைப் பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. கோட்பாட்டை அறிவிக்க ஒரு தீர்ப்பு போதுமாயிருந்தது. அதை உழவரின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் வேலை முடியவில்லை. அந்த இடைவெளியில் நிகழ்ந்தவை அனைத்தும் ‘பணிபுரிவோரின்’ பணிகள்: நிலத்தை அளப்பது, உப்பைச் சோதிப்பது, இழப்பைக் கணக்கிடுவது, பட்டியல் தயாரிப்பது, தொகையை வசூலிப்பது. தீர்ப்பை மட்டும் கற்பித்துவிட்டு இந்த இடைவெளியை விட்டுவிடும் படிப்பு, விதை நெல்லைக் காட்டிவிட்டு உழவு கற்பித்தாயிற்று என்று சொல்வது போன்றது.

தாக்க மதிப்பீட்டுக்கு வருவோம். 1994-ல் முதல் அறிவிக்கை, 2006-ல் இரண்டாவது. 2007 வாக்கில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டு அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றுக்கு எழுதப்பட்ட அறிக்கையின் பகுதிகள் அப்படியே இடம்பெற்றிருந்தது வெளிப்பட்டது. கொங்கணத்து மலைக்கு ரஷ்யக் காட்டைப் பற்றி எழுதினாலும் கோப்பு நகரும் என்ற நிலை! அதை எழுதியவர்களுக்குப் பட்டங்கள் இல்லாமலா இருந்திருக்கும்? பின்னர் ஆலோசகர்களுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயமாயிற்று. அதாவது, நோய்க்கு மருந்தாக இன்னொரு சான்றிதழ். அறிக்கையை எழுதுபவருக்குத் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே கூலி கொடுக்கிறது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. அந்தக் கூலி உறவுக்குள் நேர்மையாக எழுதுவது எப்படி, எழுத இயலாதபோது அதை எங்கே எவ்வாறு பதிவு செய்வது என்பதே ஆலோசகருக்கான தொழில் அறம். அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

எழுதுபவர் தவறினாலும் படிப்பவர் பிடிக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தானே மதிப்பீட்டுக் குழுக்கள்? 2009-ல் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களைக் குழு பரிசீலித்து அவற்றை ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் எழுத வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. பத்தாண்டுகள் கழித்து, 2019-ல் கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில், படிவத்திலேயே முக்கியச் சூழல் விவரங்கள் மறைக்கப்பட்டதையும் குழு சிந்தனையைச் செலுத்தாததையும் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது; அனுமதியை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 2020 தொடக்கத்தில் கூடுதல் நிபந்தனைகளோடு அதே திட்டத்துக்கு வழிவிட்டது என்பது தனிக் கதை. இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் கண்ட குறை அறிவியல் குறையன்று. படிக்காமல் முடிவு செய்ததும் காரணம் எழுதாமல் முடிவு செய்ததும்தான். காரணம் எழுதுவது கற்பிக்கக்கூடிய திறன். வேளாண்மையைப் போல, தச்சைப் போல, செய்து திருத்திச் செய்து திருத்தி வருவது. அதை நாம் கற்பிப்பதில்லை.

இது பழைய குறைதானே, இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். அவசரம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பெரும்பாலான குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி, பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையை வைத்தது. 2024-ஆம் ஆண்டின் திருத்தம் நீர்ச் சட்டத்துக்கும் அதே வழியைக் காட்டியது. இனித் தண்டத்தை விதிப்பவர் நீதிபதி அல்லர். ஒன்றிய அரசின் இணைச் செயலர் அல்லது மாநிலச் செயலர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர். இந்தத் திருத்தம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். நேற்றுவரை நீதிமன்றத்தில் நடந்த வேலை இன்று செயலகத்துக்கு வந்துவிட்டது. விசாரிப்பது, இரு தரப்பையும் கேட்பது, சாட்சியத்தை எடைபோடுவது, காரணத்தோடு ஆணை எழுதுவது ஆகியவற்றை அந்த அலுவலருக்கும் அவருக்குக் குறிப்பு எழுதித் தரும் இளநிலை அலுவலர்களுக்கும் கற்றுத் தரப்போவது யார்? 2025-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் தனியார் தணிக்கையாளர் என்ற புதிய வர்க்கத்தையே உருவாக்கியிருக்கின்றன. அவர்களுக்கான சான்றிதழ் படிப்புகள் மழைக்காலக் காளான் போல முளைக்கும். அவற்றின் சுவரொட்டிகள் வருவதற்கு முன் நாம் பேசிவிடுவது நல்லது.

மனப்பாடக் கல்வியின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு அதே 2025-ஆம் ஆண்டே சாட்சி. திட்டத்தைத் தொடங்கிய பிறகு சுற்றுச்சூழல் அனுமதி தரும் ஏற்பாட்டை வனசக்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் மே மாதம் செல்லாது என்றது. நவம்பர் மாதம் மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஜூலையில் தேர்வெழுதி மே மாதத் தீர்ப்பை எடுத்துரைத்து முதல் வகுப்பில் தேறியவரின் அறிவு, பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே காலாவதியாகியிருக்கும். இரண்டு தீர்ப்புகளின் வாதங்களையும் மாறுபட்ட நீதிபதியின் வாதத்தையும் எடைபோடக் கற்றவரின் அறிவு மட்டும் நிற்கும்.

அடுத்து மொழி. இதை ‘உணர்ச்சிப் பிரச்சினை’ என்று ஒதுக்குவோர் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி தாக்க மதிப்பீட்டின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும்; மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுப்பப்பட்ட ஆட்சேபங்களின் தொகுப்பும் அவ்வாறே. அதாவது, இந்தச் சட்டத்தின் உயிர்நாடியான கட்டம் இந்திய மொழிகளில் நடக்கிறது. ஆனால் அதை நடத்துபவர்களுக்கான உயர்கல்வி நான் அறிந்தவரை முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. விளைவாக, நிலத்தடி நீரின் ஊறல் வேகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவர், ‘எங்க கெணறு வத்திப்போவுமா?’ என்று ஒரு மூதாட்டி கேட்கும்போது விடையின்றி நிற்கிறார். அவர் கேள்வியும் இவர் அத்தியாயமும் ஒன்றையே பேசுகின்றன என்பதுகூட அவருக்குப் புலப்படுவதில்லை. 2020-ல் புதிய தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒன்றிய அமைச்சகம் அதை நிறைவேற்றுவதற்குப் பதில் உச்ச நீதிமன்றப் படியேறியது. இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று வாதாடிய அந்த மனநிலைக்கும், ஆங்கிலத்தில் மட்டுமே முதுநிலைச் சுற்றுச்சூழல் சட்டம் கற்பிக்க முடியும் என்று நம்பும் நம் பல்கலைக்கழக மனநிலைக்கும் அதிகத் தொலைவில்லை.

இந்தக் கல்வியில் இருக்கையே ஒதுக்கப்படாதவர்களையும் நினைத்துப் பாருங்கள். 2013 ஏப்ரலில் நியம்கிரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மலையில் சுரங்கம் வரலாமா என்ற கேள்வியில் மக்களின் பண்பாட்டு, வழிபாட்டு உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு செய்யட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையிலான நீதித்துறை அலுவலர் பார்வையாளராக மட்டும் அமர்ந்திருந்தார். பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. வன உரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை அந்த மக்களும் ‘பணிபுரிவோரே’: உரிமைக் கோரிக்கையைச் சரிபார்ப்பது, தீர்மானம் எழுதுவது, எல்லை குறிப்பது எல்லாம் கிராம சபையும் அதன் வன உரிமைக் குழுவும் செய்ய வேண்டிய சட்டப் பணிகள். ஆலையின் மேலாளருக்கு வார இறுதி வகுப்பு உண்டு. கட்டணத்தை ஆலையே கட்டிவிடுவதும் உண்டு. ஊராட்சித் தலைவருக்கும் வன உரிமைக் குழுச் செயலருக்கும் ஒரு வகுப்பும் இல்லை, கட்டணம் கட்ட ஆளும் இல்லை. ஒரே வழக்கின் ஒரு தரப்புக்கு மட்டும் சட்டம் கற்பித்துவிட்டு அதற்குப் ‘பசுமைக் கல்வி’ என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்புகளை அறிவேன்.

‘வேலை பார்ப்பவருக்கு நேரமில்லை, எளிமையாக்கத்தான் வேண்டும்’ என்பது முதலாவது. நேரமில்லை என்பது உண்மை. அதனால்தான் அவருடைய வேலையையே பாடமாக்கச் சொல்கிறேன். மாதம் ஒரு முறை எழுதும் ஆய்வுக் குறிப்பை வகுப்பில் வைத்துப் பிரித்துத் திருத்தினால் அவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படாது. ரியோ மாநாட்டின் இருபத்தேழு கோட்பாடுகளை மனனம் செய்யத்தான் நேரம் தேவை.

‘அலுவலகக் கோப்புகள் இரகசியம், வகுப்புக்குக் கொண்டுவர முடியாது’ என்பது இரண்டாவது. கொண்டுவர முடிகிறவையே ஒரு பட்டப் படிப்புக்குப் போதுமானவை. விண்ணப்பங்கள், மதிப்பீட்டு அறிக்கைகள், குழுக்களின் கூட்டக் குறிப்புகள், அனுமதிக் கடிதங்கள் பலவும் 2018-ல் தொடங்கப்பட்ட பரிவேஷ் தளத்தில் கிடைக்கின்றன. அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் தர வேண்டிய அரையாண்டு நிறைவேற்ற அறிக்கைகளைப் பொது ஆவணங்கள் என்று அறிவிக்கையே சொல்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகள் இணையத்தில் உள்ளன. எஞ்சியவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாணவரின் சொந்த அலுவலகக் குறிப்பாயின், பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு வகுப்பில் வைக்கலாம்.

‘சந்தைக்கு விதி நிறைவேற்ற வல்லுநர்கள்தான் தேவை, போராளிகள் அல்லர்’ என்பது மூன்றாவது. போராளியை உருவாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ‘இந்த அறிக்கையில் மழைக்காலத் தரவு இல்லை, எனவே பரிந்துரைக்க இயலவில்லை’ என்று இரண்டு வரி எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடும் ஊழியரைக் கேட்கிறோம். அப்படி எழுதுபவரை ஆலையும் நீண்ட காலத்தில் நம்பலாம், நீதிமன்றமும் நம்பலாம். எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதும் வல்லுநரால் ஆலைக்கும் பயனில்லை என்பதை அனுமதி இரத்தான நிறுவனங்கள் அறியும்.

‘பல்கலைக்கழகம் நடுநிலையாக இருக்க வேண்டும்’ என்பது நான்காவது. மிகச் சரி. அப்படியானால் இரு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். ஒரு தரப்பின் கட்டணத்தில் நடக்கும் வகுப்பைத்தான் நடுநிலை என்று அழைக்கக் கூடாது.

இனி, என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 

ஒன்று: படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு மதிப்பீட்டு அறிக்கையை முதல் பக்கம் முதல் கடைசி இணைப்பு வரை படிக்க வேண்டும், அது குறிப்பிடும் இடத்துக்கு ஒரு முறையேனும் போய் நின்று, அறிக்கை சொல்வதையும் கண்ணுக்குத் தெரிவதையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். பட்டத்தின் பாதி மதிப்பெண் இதற்கு.

இரண்டு: ஒவ்வொரு பருவத்திலும் ஒரு காரண ஆணை. இசைவு மறுப்பு, தண்டம் விதிப்பு, ஆட்சேபப் பரிசீலனை என்று எதுவாகவும் இருக்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதியோ மூத்த வழக்குரைஞரோ அதை மேல்முறையீட்டில் உடைக்க முயல வேண்டும். எது உடையவில்லையோ அது தேர்ச்சி.

மூன்று: வகுப்பின் இருக்கைகளில் ஒரு பகுதி, கட்டணமின்றி, ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் வன உரிமைக் குழுவினருக்கும் மீனவச் சங்கத்தாருக்கும். அவர்களிடம் பட்டம் இல்லையென்றால் சான்றிதழ் தாருங்கள். வகுப்பறையில் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளின் மதிப்பு மற்றவர்களின் கட்டணத்தைவிட அதிகம்.

நான்கு: இறுதித் திட்டக் கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும், அதன் பத்துப் பக்கச் சுருக்கம் அந்த மாநில மொழியில் இருக்க வேண்டும், சம்பந்தப்பட்ட ஊரில் அது வாசிக்கப்பட வேண்டும். ஊராருக்குப் புரியாத சுருக்கம் திருப்பி அனுப்பப்பட வேண்டும்.

ஐந்து: கற்பிப்போரில் ஒரு பகுதியினர் கோப்பு பார்த்தவர்களாக, கள ஆய்வு செய்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களிடம் முனைவர் பட்டம் இல்லை என்று வாசலில் நிறுத்தும் விதியை மாற்ற நாம்தான் குரல் எழுப்ப வேண்டும். முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருக்கும் நான் இதைச் சொல்வதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

இவற்றுக்குச் செலவு அதிகமா? ஒரு பேருந்து வாடகை, சில மாதிரிப் புட்டிகள், சில பேருக்கான மதிப்பூதியம். ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் முதல் நாள் விருந்துச் செலவுக்குள் அடங்கும்.

பார் கவுன்சிலும் பல்கலைக்கழகங்களும் பட்டத்தின் பெயரைப் பற்றி ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடும். அதில் எனக்கு ஐயமில்லை. பணம் புழங்கும் இடத்தில் உடன்பாடு வருவது வழக்கம். அதற்குள், பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களிடமும் அங்கே மாணவர் பிரதிநிதியாகப் போகும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: ‘இந்தப் படிப்பை முடித்தவர் எழுதிய ஒரு கோப்பையாவது நாம் பார்த்திருக்கிறோமா?’ விடை எதுவாயினும் அது கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும்.